இரண்டாம் லைன் ஆட்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஒன்பது வருசம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவனைத் திடீரென்று ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். முதல் இரண்டு மாதம் நான் அடித்த கூத்துக்கு, திருப்பூரில் பாதிக் கம்பெனி வாசலில் ‘டைலர் தேவை’ போர்டு தொங்குகிற காலத்தில், நீங்கள் எல்லாரும் கணக்கு முடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஒருவர் போனார், அதற்கு வருகிறேன். மற்றவர்கள் இருந்தீர்கள், அதற்குத்தான் இந்த மடல்.

நெக் ரிப், அதாவது கழுத்துப் பட்டி, தைக்க ஒரு பீசுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும், ஒருவர் தைத்து அடுத்தவருக்குத் தள்ளுகிற நம் லைனில் மற்ற வேலையெல்லாம் அதில் பாதி நேரம்தான். அப்படியென்றால் யார் எவ்வளவு பறந்தாலும் மணிக்கு 60 பீஸ்தான் வெளியே வரும். இந்தக் கணக்குகூடப் போடாமல் தோள் மூட்டுகிறவர்களிடம் “வேகம், வேகம்” என்று கத்தினேன், பத்தாததற்கு நானே மெஷினில் உட்கார்ந்து தைத்துத் தள்ளினேன், தைத்ததெல்லாம் நெக் டைலர் முன்னால் மலையாகக் குவிந்தது. “தம்பி, நீங்க தைக்கறப்ப லைனை யாருங்க பாக்கறது?” என்று கேட்ட, கை மடித்துத் தைக்கிற அக்காவுக்கு முதல் நன்றி. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. நெக்குக்கு இன்னொரு மெஷின் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஒடிசா தம்பிகள் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நானாக முடிவு செய்ததும் உண்டு. இப்போது ஒரு பீஸைத் தைத்துக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பெரிய தப்பு 3000 பீஸ் ஆர்டரில். நெக்கில் தையல் விடுகிறது என்று செக்கிங் அக்கா மூன்று நாள் முன்பே சொன்னீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே தேதி கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதனால் “அதெல்லாம் போகும், விடுங்கக்கா” என்றேன். சரக்கை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஏ.க்யூ.எல் 2.5 என்ற தரக் கணக்குப்படி, தரம் பார்க்க வருகிறவர்கள் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள், பெரிய டேமேஜ் 7 வரை விடுவார்கள், 8 வந்தால் ஃபெயில். நமக்கு 11. நான் செய்த அடுத்த காரியம், நெக் டைலரை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டியது. அவருக்குக் கொடுத்த நூலே அடிக்கடி அறுந்ததை நான் விசாரிக்கவே இல்லை. மறுநாள் அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடாமலே பதினான்கு பேர் வந்து 3000 பீஸையும் பிரித்துப் பார்த்து, பிசிறு வெட்டி, திரும்ப அயர்ன் போட்டுப் பெட்டி கட்டினீர்கள். ஒருத்தர்கூட “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கட்டிங் மாஸ்டர் அண்ணாவுக்கு என்ன சொல்வது? “திட்டினது நாப்பது பேர் முன்னால, மன்னிப்பு மட்டும் போன்லயா?” என்று கேட்டு என்னை வண்டியில் ஏற்றி நெக் டைலர் வீட்டுக்கே கூட்டிப்போனீர்கள். அவர் திரும்பி வந்த அன்று காலை, மெஷின் ஓடுவதற்கு முன்னால், அந்த நாற்பது பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் டீயும் போண்டாவும் என் கணக்கு. அப்புறம், மூன்றாவது மெஷினில் எண்ணெய் ஒழுகுவதை மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன், திங்கள் காலை வருகிறார். வராவிட்டால் என்னை எல்லார் முன்னாலும் கேளுங்கள்.