முரட்டு ஆள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலிய விளையாட்டுகள் பற்றிய கட்டுரை படித்தேன். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி லீக் ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய பெரிய மனதுக்கு நன்றி. அதில் அந்த ஆட்டத்தின் பெரிய வீரர் ஆர்தர் பீட்சனைப் பற்றி ஒரு வரி: "ரோமா என்ற சிற்றூரிலிருந்து வந்த முரட்டு ஃபார்வர்டு, உடம்பே இவருக்கு மூலதனம்." அவ்வளவுதான். அடுத்த பத்தி கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

பீட்சன் கனத்த ஆள்தான், சாப்பாட்டுப் பிரியர்தான். சிட்னிக்கு வந்த புதிதில், பாதி ஆட்டத்திலேயே இவருக்கு மூச்சு வாங்குகிறது என்று கேலி செய்தார்கள். 1969இல் அவருடைய சிட்னி கிளப்பான பால்மைன் அணி லீக் கோப்பையை வென்றபோது, ஆடத் தடை வாங்கி வெளியே உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் எழுதியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அவர் பேர் நிலைத்தது எதிராளியை முட்டித் தள்ளியதால் அல்ல. இரண்டு மூன்று பேர் இடுப்பையும் காலையும் கட்டிப் பிடித்திருக்கும்போது, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, ஓடி வருகிறவனுக்குப் பந்தைப் பக்குவமாகக் கொடுப்பார். அதனால்தான்.

செவிவழிச் செய்தி என்று நினைக்காதீர்கள். மூன்று வருடம் குவீன்ஸ்லாந்து மாநிலத்து ரோமாவில் ஒரு மோட்டலில் கணக்கு எழுதியவன் நான். பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 480 கிலோமீட்டர்; பாட்டில் மரங்கள் வரிசையாக நிற்கும் ஊர். 2011 டிசம்பர் 1, வியாழக்கிழமை, மாட்டுச் சந்தை நாள். கோல்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பீட்சன் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வயது 66. சந்தைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னையும் சமையல்காரரையும் கூப்பிட்டு, "இறுக்கிப் பிடியுங்கள்" என்றார். பிடித்தோம். தக்காளி சாஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டை மட்டும் திருப்பி, மூலையில் நின்ற பையனிடம் போட்டார். "ஆர்ட்டி இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார். டீயைத் தொடவே இல்லை.

மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவனுக்கு இது புரியும். நாலு பேர் மேலே விழுந்து கிடக்கும்போது கோட்டைத் தொட ஒரு விரலை நீட்டுகிறானே, அவனையும் நீங்கள் முரடன் என்றுதான் சொல்வீர்கள். சொன்னீர்கள்! நாலு வருடம் முன்பு உங்கள் பொங்கல் மலரில் கபடி என்பது "கிராமத்து இளைஞர்களின் உடல்திமிர் விளையாட்டு". அதற்கு நான் இரண்டு பக்கம் மறுப்பு எழுதினேன். அதில் மரியாதைக்காகப் போட்ட "மலர் நன்று" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்து வாசகர் பகுதியில் பிரசுரித்தீர்கள். என் மாமனார் அதைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டினார்.

சரி, பீட்சனுக்கு வருகிறேன். 1973இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி வீரர் இவர்தான். மற்ற பெரிய விளையாட்டுகளிலும் அதற்கு முன் யாரும் இல்லை. 1974, 1975 இரண்டு வருடமும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணித் தலைவராகக் கோப்பை வாங்கினார். இரண்டாவது இறுதி ஆட்டத்தில் 38–0! வெறும் உடம்பை வைத்துக்கொண்டு தலைமை தாங்க முடியுமா? அப்புறம் 1980 ஜூலை 8. அதுவரை குவீன்ஸ்லாந்துப் பையன்கள் சிட்னிக்குப் பிழைக்கப் போனால், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காகச் சொந்த மாநிலத்தையே எதிர்த்து ஆட வேண்டும். பிறந்த மண்ணுக்கே ஆடலாம் என்று விதியை மாற்றிய முதல் ஆட்டம் அன்று பிரிஸ்பேன் லாங் பார்க் மைதானத்தில். 35 வயதில், சிட்னியின் பாரமட்டா கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த மனிதர், குவீன்ஸ்லாந்தின் மெரூன் சட்டையில் தலைவராக இறங்கினார். எதிரணியில் ஆடிய தன் கிளப் தோழர் மிக் குரோனினையே ஒரு அடி போட்டார். 20–10, வெற்றி. அந்த மைதான வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் ஒரு வரிதான் கிடைத்தது போலும்.

கட்டுரைக்கு நீங்கள் போட்ட படம் வேறு. ஒருவரை இரண்டு பேர் இடுப்பில் பிடித்து மேலே தூக்குகிறார்கள். அது ரக்பி யூனியன். பதினைந்து பேர் ஆடும் ஆட்டம். பதின்மூன்று பேர் ஆடும் லீக்கில் அப்படித் தூக்கும் வேலையே கிடையாது. அடுத்த இதழில் திருத்தம் என்று மூன்று வரி போட்டால் போதும். இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. போடுவதானால் "கட்டுரை படித்தேன்" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பிரிஸ்பேன்

பி.கு.: அதே இதழில் 33 முதல் 40 வரை பக்கங்கள் இரண்டு முறை இருக்கின்றன, 41 முதல் 48 வரை காணோம். சமையல் பகுதி அதில்தான் இருந்திருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். முடிந்தால் அனுப்பி வைக்கவும்.