மேசை வடிவத்துக்கே இரண்டு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த நாட்டு மக்களே வேண்டாம் என்று சொல்லும் போரை உட்கார்ந்து பேசி ஒரு வாரத்தில் முடிக்க முடியாதா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெறுப்பே பேச்சை இழுத்தடிக்கவும் செய்யும். அமெரிக்கா இறங்கிப் போரிட்ட வியட்நாமில் அதுதான் நடந்தது. எங்கள் வீட்டுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. காரைக்கால், பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே தெற்கு வியட்நாமின் சைகோன் நகருக்குப் போய்ப் பிழைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார்.

பாரிஸில் பேச்சு தொடங்கியது 1968 மே மாதம். மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சன் மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார். அதன் பிறகும் கையெழுத்தாக நாலரை வருடத்துக்கு மேல் ஆனது. அதில் இரண்டு மாதத்துக்கு மேல் மேசையின் வடிவத்துக்கே போனது. தெற்கில் அரசை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்களின் முன்னணியையும் தனித் தரப்பாக உட்கார வைக்க வேண்டும் என்றது ஹனோய், அதாவது வட வியட்நாம் அரசு. அவர்களைத் தரப்பாகவே ஏற்க மாட்டோம் என்றது சைகோன், அதாவது அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாம் அரசு. கடைசியில் ஒரு வட்ட மேசை, ஒரு முழம் தள்ளி இரு பக்கமும் எழுத்தர்களுக்குச் சிறு மேசைகள் என்று முடிவானது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் யார் யாரை ஒப்புக்கொள்வது என்பதுதானே சண்டையே!

அமெரிக்கத் தெருக்களில் நடந்த ஊர்வலங்களை ஹனோயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஜான்சனுக்குப் பின் அதிபரான நிக்சன் 1969-லிருந்தே படைகளைத் திருப்பி அழைக்கத் தொடங்கினார். எப்படியும் மூட்டை கட்டப் போகிறவரிடம் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? தான் தளர்ந்துவிடவில்லை என்று காட்ட நிக்சன் 1970-ல் கம்போடியாவுக்குள் படையை அனுப்பினார். அதை எதிர்த்த போராட்டத்தில்தான் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 4 மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். ஊர்வலம் போனவர்கள் மேல் நான் பழி போடவில்லை. அவர்கள் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் இழுத்திருக்குமோ.

1972 அக்டோபரில் அமெரிக்கத் தரப்பில் பேசிய கிஸ்ஸிங்கரும் வட வியட்நாம் தரப்பில் பேசிய லே டுக் தோவும் ஒரு வரைவுக்கு வந்துவிட்டார்கள். சைகோனின் அதிபர் தியூ மறுத்தார். வட வியட்நாம் படைகள் தெற்கிலேயே இருக்க அந்த வரைவு இடம் கொடுத்தது. தன் நாட்டின் தலையெழுத்தைத் தான் இல்லாத அறையில் எழுதினால் யார்தான் ஒப்புக்கொள்வார்? டிசம்பரில் மறுபடி அமெரிக்காவின் குண்டு வீச்சு. ஹனோயில் காம் தியென் தெரு தரைமட்டமானது, பாக் மாய் மருத்துவமனை இடிந்தது. 1973 ஜனவரி 27-ல் கையெழுத்தான ஒப்பந்தம் ஏறக்குறைய அந்த அக்டோபர் வரைவுதான். அந்த மூன்று மாதத்தில் செத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான வாரம் அப்பா எழுதிய கடிதம் இன்னும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. "கையெழுத்து ஆகிவிட்டது. டெட் புத்தாண்டுக்குக் கடைக்கு வெள்ளையடிக்கப் போகிறேன். இனி வியாபாரம் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார். 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது. கடை போய், ஒரே ஒரு பெட்டியோடு காரைக்கால் வந்து சேர்ந்தார். வெள்ளையடித்த செலவை மட்டும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டுப் பேச்சுவார்த்தை பற்றிய செய்தியானாலும், அந்த அறையில் யாருக்கு நாற்காலி போடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேச்சு தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கையும் போடுங்கள். நிக்சன் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். வியட்நாமியர்கள் அதைப் போலப் பல மடங்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்கால்