குளிர்காலத்துக் குமிழிகள்

குன்னூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் மகள் வேலையில் சேர்ந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பதில் தாமதமானதற்கு இங்கத்திய குளிர்தான் காரணம். நிஜமாகவே.

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான கேட்டகினை அளக்கும் எங்கள் ஹெச்.பி.எல்.சி. (கரைப்பானை ஓடவிட்டு, கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) பத்து நாளாகப் படுத்திவிட்டது. காலையில் முதல் இரண்டு மணி நேரம், 278 நானோமீட்டர் புறஊதா ஒளியில் பதிவாகும் பேஸ்லைன், அதாவது பொருள் எதுவும் வராதபோது நேராக ஓட வேண்டிய கோடு, முழுக்க ஊசி ஊசியாக முளைக்கும். அவசரத்தில் சாஃப்ட்வேரில் ஏகப்பட்ட புள்ளிகளுக்கு நகரும் சராசரி போட்டேன், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுப்பது. கோடு வழவழப்பாகிவிட்டது. ஆனால் காஃபினை ஒட்டி நின்ற ஒரு குட்டி பீக் (ஒரு பொருள் வருவதைக் காட்டும் மேடு) அதன் சரிவிலேயே கரைந்துபோனது. இலையில் இருப்பதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை, அறிக்கையை நிறுத்திவைத்தேன்.

காரணம் ஜன்னலோரம் இருந்தது. கரைப்பான் பாட்டில்கள் இரவெல்லாம் அங்கேதான் இருக்கும். குளிர்ந்த திரவத்தில் காற்று அதிகம் கரையும். அது கருவிக்குள் 35 டிகிரிச் சூட்டைக் கண்டு, ஒளியால் அளவிடும் டிடெக்டர் செல்லுக்கு வரும்போது அழுத்தமும் இறங்கினால் குமிழியாக வெளியே வந்துவிடுகிறது. எங்கள் பழைய கருவியில் தானாகக் காற்று நீக்கும் வசதி கிடையாது. இப்போது பாட்டில்களை உள்ளே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு ஒலி அலையால் அதிரவைத்துக் காற்றை வெளியேற்றும் சோனிகேட்டரில் வைத்து எடுத்து ஓட்டுகிறேன். ஊசிகள் நின்றுவிட்டன.

மிச்சமிருந்த மெல்லிய நடுக்கத்துக்குத்தான் கணக்கு. நொடிக்கு 20 புள்ளி பதிவாகிக்கொண்டிருந்தது. என் பீக்கின் அகலம் 12 நொடி. நொடிக்கு 5 புள்ளியே தாராளம். நான்கு நான்காகச் சராசரி எடுத்தால் தாறுமாறான இரைச்சல் பாதியாகும். அதற்குமேல் வேண்டுமென்றால் சாவிட்ஸ்கி, கோலே இருவரும் 1964-ல் வெளியிட்ட முறை இருக்கிறது. சின்னச் சின்னத் துண்டாக வளைகோடு பொருத்திப் போவதால் பீக்கின் உயரம் அவ்வளவாகக் குறையாது. அதிலும் துண்டின் நீளம், பீக்கின் பாதி உயரத்தில் இருக்கும் அகலத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம், உன் ஜி.சி. (பொருளை ஆவியாக்கிப் பிரித்து, ஹைட்ரஜன் சுடரில் எரித்து அளக்கும் கருவி) தைல எண்ணெயை ஓட்டும்போது பேஸ்லைன் நடுங்குகிறது என்று எழுதியிருந்தாயே. முதலில் ஹைட்ரஜனை மூடி, சுடரை அணைத்துவிட்டு பேஸ்லைனைப் பார். அப்போதும் நடுங்கினால் மின்சுற்றில் கோளாறு. நின்றுவிட்டால் வாயுவையும், சுடர் எரியும் முனையான ஜெட்டையும் பார்க்க வேண்டும். அதுவரை எந்த வடிகட்டியும் போடாதே. தொடாத மூலக் கோப்பை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வர்க்கி வாங்கிவைக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்