படகுப் பாய் தைக்கிறவரிடம் கேட்க வேண்டியது

கொடைக்கானல், மூஞ்சிக்கல்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். புதுப்பாய்க்கு நீ எழுதி நிரப்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டர் தாளைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, வெட்டுகிற மேஜையில் விரித்து இரண்டு நாளாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். படகுப் பாய்க்குச் சவுத்தாம்ப்டனிலிருந்து மகள் என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் நம் ஏரியை உண்டாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார் என்பார்கள். இன்றைக்கும் அதில் துடுப்பும் பெடலும்தான். நீ கடலில் பாய் ஏற்றுகிறாய்.

முதலில் அளவு. அதைத் தைக்கிறவரையே படகுக்கு வந்து எடுக்கச் சொல். நீ எடுத்துக் கொடுத்தால், குறைந்தாலும் கூடினாலும் பழி உன் தலையில். அவர் எடுத்தால் பொறுப்பு அவருடையது. பழைய பாயைப் போட்டு அதே அளவுக்கு வெட்டவும் விடாதே. பல வருஷம் காற்று இழுத்த துணி, தொளதொளத்துப் போன சட்டை மாதிரி. அதை வைத்துப் புதுசு வெட்டக் கூடாது.

துணி பாலியெஸ்டர் என்றாய். டெரிகாட்டனில் பருத்தியோடு கலக்கிற அதே இழைதான். டெரிலீன் என்று 1941-இல் கண்டுபிடித்ததே நீ இருக்கிற நாட்டில்தான். பாய்க்கு நெருக்கமாக நெய்து, பிசின் ஏற்றி மொடமொடப்பாக்குகிறார்கள். துணி விறைப்பாக இருப்பதால் தையல் உள்ளே அமுங்காமல் நூல் மேலேயே நிற்கிறது. வெயில் முதலில் தின்பது அதைத்தான். உன் படத்தில் பின் ஓரத்து ஜிக்ஜாக் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது, பக்கத்தில் துணி நன்றாக இருக்கிறதே, அதுதான். நகத்தால் தையலைச் சுரண்டிப் பார். நூல் பொடிப்பொடியாக வந்தால் எல்லாத் தையலையும் மறுபடி ஓட்டச் சொல். துணி நன்றாக இருந்தால் இப்போதைக்குப் புதுப்பாய் வேண்டாம். இதைத் தானாகவே சொல்கிற தையல்காரர் கிடைத்தால் அவரை விடாதே.

துண்டுகளின் ஓரத்தைக் கொஞ்சம் வளைவாக வெட்டிச் சேர்த்துத்தான் பாய்க்கு வயிறு கொண்டுவருகிறார்களாம். ஜாக்கெட்டுக்கு நான் டார்ட் பிடிப்பதும் அதற்குத்தானே! அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீங்களே தைச்சு அனுப்புங்க" என்கிறாள்.

ஆர்டரை அக்டோபர், நவம்பரிலேயே கொடு. குளிர்காலத்தில் அவர்களுக்கு வேலை குறைவு, விலையும் குறைத்துக் கேட்கலாம். ஏப்ரலில் போய் நின்றால் நம் கடையில் ஜூன் மாத யூனிஃபார்ம் கதைதான். "நாளைக்கு வாங்க" என்று நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீ பார்த்ததுதான். தேதி, துணியின் பேர், எடை, ஏற்றிப் பார்த்தபின் திருத்தினால் அது இதே விலைக்குள் அடங்குமா, எல்லாவற்றையும் எழுதி வாங்கு. அளவை மட்டும் அவரே எடுக்கட்டும்.

தாளின் அடியில், படகில் எத்தனை பேர் என்ற இடத்தில், 'ஒருவர்' என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் காற்று கூடும்போது பாயைச் சுருக்கிக் கட்டுகிற வரிசை இரண்டு போதாது, மூன்று வைக்கச் சொல். கயிறெல்லாம் நீ உட்காரும் இடத்துக்கே வரட்டும். படகோடு உன்னைப் பிணைத்துக்கொள்ளும் வார் இருக்கிறதாமே, அதைக் கழற்றாதே. உயிர்காப்புச் சட்டையையும் கழற்றாதே.

இங்கே பட்டர் ஃப்ரூட் நல்ல காய்ப்பு. மாப்பிள்ளைக்குப் பருப்புப்பொடி அனுப்பலாமா என்று அம்மா கேட்கிறாள். அந்தத் தாளில் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. பாய்மரத்து அளவெல்லாம் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது யார், பாப்பா?

நீ மூன்றாவது படிக்கும்போது அம்மா மூன்று மாதம் வத்தலக்குண்டில் இருந்தாள். அம்மாச்சிக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். அம்மாச்சி நன்றாகத்தான் இருந்தார். நான் சொன்ன ஒரு வார்த்தையில் அம்மா கிளம்பிப் போனாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான், நான் போய்க் கூப்பிடவில்லை. அந்தச் சமயம் ஏரிப் படகு ஒன்றுக்கு மூடுதுணி தைக்கச் சொல்லி வந்தார்கள். எப்போதும் மறுமுனையை அம்மா பிடிப்பாள். அன்றைக்கு டேப்பைப் படகின் மூக்குப் பக்கம் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத் தனியாக அளந்தேன். ஆணி நாலு அங்குலம் உள்ளே தள்ளி இருந்ததை மறந்துவிட்டேன். துணி குறைந்தது. நீங்கள் சொன்ன அளவுதான் என்று படகுக்காரரிடம் சாதித்து, இரண்டாவது துணிக்கும் காசு வாங்கினேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், திருப்பிக் கொடுக்க வழியில்லை. அம்மாவும் கடைசியில் தானாகத்தான் வந்தாள், மழையில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. இன்றுவரை அதைப் பற்றி நான் அவளிடம் பேசியதில்லை.

வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டால் அம்மா எடுப்பாள். கடைக்குக் கூப்பிடு. ராத்திரி எட்டு மணிக்குப் பையன்கள் போய்விடுவார்கள், நான் மட்டும் இருப்பேன். உனக்கு அப்போது மத்தியானம்தான்.

அப்பா