நேர்முகத்துக்குப் போகும் செல்விக்கு

ஹட்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி எல்லோரும் சுகம்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு நீ வேலைக்குப் போக நினைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதுவும் ஆஸ்பத்திரியில், பதிவுக் கவுண்டரில். நோயாளிகளின் இரகசியத்தை எப்படிக் காப்பீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். கட்டாயம் கேட்பார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீ அதோடு நிறுத்திவிடாதே.

என் அக்காவுக்கு நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நாம் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் அவளுக்குக் காசநோய். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர், முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, "கச வியாதிக்காரப் பிள்ளை முன்னுக்கு வா" என்று கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. காய்ச்சல்காரியை மழையில் நிற்கவைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஆனால் நாங்கள் வீடு வந்து சேருமுன் செய்தி எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்க யாரும் வரவில்லை. ஆறு மாதம் மருந்து குடித்துச் சுகமானாள். ஒழுங்காக மருந்து குடித்தால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் தொற்றாது என்பதை அங்கே யாருக்கும் சொல்ல ஆள் இல்லை. பேசிவைத்த கலியாணமும் நின்றது.

லயத்தில் இந்தப் பக்கம் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அதனால் "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போன பேச்சு. அந்த எண்ணத்தோடு கவுண்டரில் உட்காராதே. ஊரே பேசினாலும் அது ஊர்ப்பேச்சு. ஆஸ்பத்திரியில் இருக்கிற நாம் சொன்னால் அது உறுதியாகிவிடும்.

உனக்கு ஆஸ்பத்திரி அனுபவம் இல்லை என்று பயப்படுகிறாய். மாதர் சங்கத்தில் ஏழு வருஷம் கடன் கணக்கு வைத்திருந்தாயே! யார் தோட்டை அடகு வைத்தார்கள் என்று உன் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அதைச் சொல். ஆனால் ஒருவர் பெயரையோ, இன்னார் என்று தெரியும் அடையாளத்தையோ சொல்லிவிடாதே. அனுபவத்தைச் சொல்லச் சொல்கிறபோதே, பிறர் விஷயத்தை நீ எப்படிப் பேசுகிறாய் என்றும் கவனிப்பார்கள்.

தெரிந்தவர் ஒருவர் போன் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரி எந்த வார்டில், என்ன வருத்தம் என்று கேட்டால்? இருக்கிறார் என்றுகூட நீயாகச் சொல்லாதே. நோயாளியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று மரியாதையாகச் சொல். வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் தவறான நம்பருக்குப் போய்விட்டால் மறைக்காதே, உடனே பொறுப்பானவரிடம் சொல்வேன் என்று சொல். வேலைக்குத் தேவையில்லாத கிளினிக் கொப்பியை, சொந்தக்காரருடையது என்றாலும் திறக்காதே.

அப்புறம், எல்லாவற்றையும் மூடிவைப்பதும் சரியில்லை. டெங்கு, காசநோய் போன்றவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அது வைத்தியரின் சட்டக் கடமை. அக்காவின் நோயும் அங்கே போக வேண்டியதுதான். வரிசையில் நின்ற முப்பது பேருக்கு அது எதற்கு? சட்டம் பற்றிக் கேட்டால், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்றும், உடல்நலத் தகவலை அது விசேட வகையில் வைத்திருக்கிறது என்றும் சொன்னால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல், செல்வி. போன மாதம் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஓர் அம்மா வந்தார். வைத்தியருக்குத் தமிழ் வராது, அந்த அம்மாவுக்குச் சிங்களம் வராது. பள்ளிக்கூடம் போகிற மகன்தான் மொழிபெயர்க்க நின்றான். தாயின் இரத்தப்போக்கைப் பற்றி அந்தப் பிள்ளை எப்படிச் சொல்வான்? அவர் தலையைக் குனிந்துகொண்டு "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னார். நான் பையனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, திரையை இழுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டு வைத்தியருக்குச் சொன்னேன். அப்புறம்தான் சரியான மருத்துவம் கிடைத்தது. நம் சனங்களுக்கு இரகசியம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது, பக்கத்துப் படுக்கைக்காரர் வாய்வழியாக, சொந்தப் பிள்ளையின் வாய்வழியாக. உனக்கு இரண்டு பாஷையும் வரும். கவுண்டரில் நீ இருந்தால் அது எத்தனை பேருக்கு ஆறுதல் என்று நினைத்துப் பார். நேர்முகத்தில் அதை வெட்கப்படாமல் சொல்.

கண்டிக்கு ரயிலில்தானே போகிறாய்? முதல் நாளே ஹட்டனில் இறங்கி இங்கே தங்கிவிட்டுப் போ. அக்காவும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து வைக்கிறேன்.

உன் அன்புள்ள
மலர்