பதிவானது வேறு, பாதித்தது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் டெங்கு கட்டுரையில், பதிவான நோயாளிகள் குறைந்துவிட்டதால் நோயின் தாக்கமும் குறைந்துவிட்டது, இனி கொசுவைக் கொண்டே கொசுநோயைத் தடுக்கும் திட்டங்கள் வீண்செலவு என்று எழுதியிருந்தீர்கள். பதிவானது வேறு, பாதித்தது வேறு என்று தங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த வரியை அச்சேற விட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சல் கண்டு ஒரு வாரம் ஆன பிறகுதான் பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்தது. அங்கே எடுத்தது, ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை மட்டும். முதல் நான்கைந்து நாளில் எடுத்தால்தான் அதை நம்ப முடியும்; பிறகு வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். கேட்டோம், பார்க்கவில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கி, ஈறில் ரத்தம் கசிந்து, ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய்க் கிடந்த பிள்ளைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் அச்சிட்ட எண்ணில் அவள் இல்லை ஐயா.

இவளைப் போல விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி உலகில் ஆண்டுக்கு 39 கோடி டெங்கு தொற்றுகள். அவற்றில் நோயாக வெளிப்படுபவை 9.6 கோடி. அந்த மதிப்பீடு 2010ஆம் ஆண்டுக்கானது. அந்த ஆண்டு நாடுகள் பதிவுசெய்து அனுப்பியதோ இருபது லட்சத்துச் சொச்சம்தான். இந்தியாவைப் பற்றி 2014இல் வந்த மதிப்பீடு, மருத்துவர்கள் கண்டறியும் டெங்கு நோயாளிகள் பதிவானதைப்போல் 282 மடங்கு என்றது. இப்படிப்பட்ட பதிவு ஏறினாலும் இறங்கினாலும் அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? பரிசோதனையைக் குறைத்தாலே எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

இது முதல் தடவையும் இல்லை. தெருவில் புகை மருந்து அடிப்பதை 'கொசு ஒழிப்புத் தீவிரம்' என்று படத்தோடு போட்டீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தொங்கும் துணிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும். தெருப்புகை அங்கே எவ்வளவு போய்ச் சேரும்? தண்ணீரில் வளரும் கொசுப்புழுவுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. பிறகு கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று குளத்தில் கம்பூசியா மீன் விட்டதைப் பாராட்டி எழுதினீர்கள். அது உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். டெங்கு கொசு முட்டையிடுவது தொட்டியிலும் டயரிலும் பூச்சாடித் தட்டிலும். அப்போதே கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை.

கொசுவைக் கொண்டே கொசுநோயைத் தடுக்கும் திட்டத்தில் விடும் வோல்பாகியா கொசுவுக்கு 'மரபணு மாற்றிய கொசு' என்று தலைப்புக் கொடுத்தது இன்னொரு வேதனை. வோல்பாகியா எத்தனையோ பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா. அதை ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தினால் டெங்கு வைரஸ் அங்கே பெருகுவது தடைப்படுகிறது. அந்த பாக்டீரியா முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகிறது. மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை.

அது வீண்செலவா என்பதை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் முறையாகச் சோதித்தார்கள். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பன்னிரண்டில் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டார்கள். பதிவேட்டை நம்பி உட்காரவில்லை. காய்ச்சல் தொடங்கி நான்கு நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களை ஆய்வில் சேர்த்து, டெங்குதானா என்று ஆய்வகத்தில் உறுதிசெய்தார்கள். டெங்கு வந்தவர்கள் எந்தப் பகுதியினர், வேறு காய்ச்சல் வந்தவர்கள் எந்தப் பகுதியினர் என்று ஒப்பிட்டார்கள். 2021இல் முடிவு வெளியானது: கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது 86 சதவீதம் குறைவு. டெங்கு தானாகவே ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். ஒப்பிட வேறு பகுதி இல்லாமல் போயிருந்தால் இந்த முடிவை யாரும் நம்பியிருக்க வேண்டியதில்லை. என் மகளுக்கும் அந்த நான்கு நாளுக்குள் ஒருவர் ரத்தம் எடுத்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். இனி டெங்கு, மலேரியா எண்ணிக்கை அச்சிடும்போதெல்லாம் பக்கத்திலேயே 'பதிவானவை மட்டும்' என்று இரண்டு சொல் சேருங்கள். எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்ற எண் கிடைத்தால் அதையும் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டு சொல்லுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி