பூனைக்கார அக்காவின் மருந்துக்கடை பாக்கி

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி உத்தரவு போட்டாலும் போட்டது, டீக்கடையில்கூட நாய்ப் பேச்சுதான். பூனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது குரைப்பதும் இல்லை, வண்டியைத் துரத்துவதும் இல்லையே!

எங்கள் குரோம்பேட்டையில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா இருக்கிறார். தெருவுக்கே 'பூனைக்கார அக்கா'. ஒற்றை போர்ஷனில் எப்போது போனாலும் இருபது பூனைக்குக் குறையாது. பாதிக்கு மேல் அடிபட்டவை, கண் போனவை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் தண்ணீரில் துணிக்கூடையோடு போய், மதில்மேல் ஒண்டியிருந்த குட்டிகளை அவர் அள்ளிவந்ததை மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் எங்கள் மாடிப்படிக்கு அடியில் நான்கு குட்டி போட்ட பூனை காரில் அடிபட்டுச் செத்தது. குட்டிகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு, விடியற்காலையில் அக்கா வீட்டு கேட்டருகே வைத்துவிட்டு, பெல்கூட அடிக்காமல் திரும்பிவிட்டேன். ஏதோ ஜீவகாருண்யம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், பால் புகட்ட வேண்டுமாம். பசும்பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். அதற்கென்றே விற்கும் பால்பவுடர்தான் வாங்கவேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டால்தான் குட்டி சிறுநீரே கழிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து, பிளவுஸ் வாங்கப் போன என் மனைவி சொல்லித்தான். நான்கில் இரண்டுதான் பிழைத்திருந்தன. அந்த மாதம் அக்காவின் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது.

1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டப்படி, பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அந்தக் காசுக்கு இன்று ஒரு கிலோ மத்திகூடக் கிடைக்காது. என்னைப் போன்றவர்கள் ஏன் பயப்படப் போகிறோம்?

நேரில் போய் மன்னிப்புக் கேட்டபோது அக்கா சொன்னது: "காசு குடுக்கலைன்னா பரவாயில்ல சார். பெட்டி வைக்காம இருந்தா போதும்."

பிறந்தநாளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்து, பூனையோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் அக்காவை முழுங்குவது தீனிச் செலவு இல்லை. மருந்தும் கருத்தடை ஆபரேஷனும்தான். பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். இரண்டு மாதத்தில் குட்டி போடும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை. ஒரு பூனைக்கு இன்று ஆபரேஷன் செய்துவிட்டால் அடுத்த வருடம் எத்தனை பெட்டி குறையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மோசமாக அடிபட்டதை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆட்டோ காசு ஒருபக்கம், அன்றைய தையல் கூலியும் போச்சு.

சரி, பொங்கலிலிருந்து நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் மாதம் இருநூறு ரூபாய் போடுகிறோம். அக்கா கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். நேராக மருந்துக்கடையில் அவர் பாக்கி நோட்டில் கட்டிவிடுகிறோம். இன்னும் ஒன்பதாயிரம் சொச்சம் நிற்கிறது. குட்டியைக் கொண்டுவருபவர் ஒரு ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பேசியிருக்கிறோம். இதுவரை ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். அது நான்.

உங்கள் வாசகர்களின் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். மீன் கடையில் விசாரித்தால் போதும். தினம் தலையும் வாலும் வாங்கிப் போகிறவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். இதைப் பிரசுரித்தால் அக்காவின் பெயரையோ தெருவையோ கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் வருகிறதோ இல்லையோ, மறுநாள் காலை கேட்டருகே பத்து பெட்டி வந்துவிடும்.

இப்படிக்கு,
முன்னாள் பெட்டிக்காரன்,
குரோம்பேட்டை, சென்னை